மேலை வாசலும் பிண வாசலும்

கொரிய நாட்டின் தலைநகராகிய சியோலுக்குத் தென்கிழக்கே, சுமார் 25 கி.மீ. தொலைவில், ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. அதன் பெயர் நாம்ஹான்சான்சொங். ‘நாம்ஹான்’ என்பது ஹான் ஆற்றுக்குத் தெற்கே உள்ளதைக் குறிக்கும், ‘சான்’ மலை, ‘சொங்’ கோட்டை. ஆற்றின் தென்கரைக்கு அப்பால் உள்ள மலைக்கோட்டை என்பது பொருள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 480 மீட்டர் உயரமுள்ள மலைமுகடுகளின் மீது அதன் மதில் வளைந்து வளைந்து செல்கிறது. வெளிப்புறம் செங்குத்தான சரிவு. உட்புறமோ ஒரு கிண்ணத்தின் அடியைப்போல அகன்று தாழ்ந்த நிலம். நீருக்குக் குறைவில்லை. எண்பது கிணறுகளும் நாற்பத்தைந்து குளங்களும் இருந்தன என்று பழைய குறிப்புகள் பேசுகின்றன. இயற்கையே கட்டிவைத்த கோட்டை இது. மனிதர் அதற்கு ஒரு கல் மாலை சூட்டினர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

உலகில் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க, இந்த ஒரு கோட்டையைப் பற்றி நாம் ஏன் சிந்திக்க வேண்டும்? இதன் வாசல்களுள் இரண்டு நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. ஒன்றின் வழியாக ஓர் அரசர் தலைகுனிந்து வெளியேறினார். மற்றொன்றின் வழியாகத் தலைகுனிய மறுத்தவர்களின் உடல்கள் வெளியே எறியப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இக்கோட்டையின் வரலாறு முழுமை பெறுகிறது.

மண்ணுக்கடியில் கிடைத்த சான்றுகள்

இம்மலையை முதன்முதலில் அரண் செய்தவர் யார் என்பது நெடுங்காலம் விவாதத்துக்கு உரியதாக இருந்தது. பெக்ஜே அரசின் முதல் மன்னர் ஒன்ஜோ இங்கேதான் தம் தலைநகரை அமைத்தார் என்று மக்கள் நம்பினர். அவருக்கு எழுப்பிய ஆலயம் ஒன்று இன்றும் கோட்டைக்குள் நிற்கிறது. ஆனால் அகழாய்வு வேறொரு விடையைத் தந்தது. 1998 முதல் பல கட்டங்களாக, கோட்டைக்குள் இருந்த அரசரின் தற்காலிக அரண்மனைப் பகுதியில் ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டினர். பெக்ஜே காலத்துக் குழிகளும் மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன என்பது உண்மையே. ஆயினும் தலைநகர் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. அதற்கு மாறாக, சில்லா அரசின் காலத்தைச் சேர்ந்த மாபெரும் கட்டடம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. அதன் நீளம் 50 மீட்டருக்கும் அதிகம். அதன் கூரையை மூடியிருந்த ஓடுகளுள் ஒன்றே சுமார் 64 செ.மீ. நீளமும் 19 கிலோ எடையும் கொண்டது. அக்கூரையின் பாரத்தைத் தாங்க வேண்டிய சுவர்களும் அதற்கேற்பப் பருத்தவை.

இத்தகைய கட்டடம் மலையுச்சியில் எதற்காக? ‘சாம்குக் சாகி’ என்னும் பழைய வரலாற்று நூல் இதற்கு விளக்கம் தருகிறது. 668ஆம் ஆண்டில் சீனாவின் தாங் பேரரசோடு கூட்டுச் சேர்ந்து சில்லா அரசு தன் பகையான கொகுர்யோவை வீழ்த்தியது. வீழ்த்திய பின்னர்தான், துணைக்கு வந்தவன் வீட்டையே கேட்கிறான் என்பது அதற்குப் புரிந்தது. தாங் படையை விரட்ட ஆறாண்டுக்கும் மேலாகப் போர் நடந்தது. அப்போரின் நடுவே, 672ஆம் ஆண்டில், முன்மு மன்னர் இம்மலையில் ஒரு கோட்டையைக் கட்டினார். அதன் பெயர் ‘ஜூஜாங்சொங்’, அதாவது ‘நெடும்பகற் கோட்டை’. பெரும் ஓடு வேய்ந்த அக்கட்டடம் அக்காலத்துப் படைக்களஞ்சியமாக இருந்திருக்கக்கூடும் என்று கருதுவோர் உண்டு.

மதிலைத் துப்புரவு செய்தபோதும் இதே உண்மை தெரிந்தது. பின்வந்த அரசர்களின் கற்கட்டுக்கு அடியில், சோளக் கதிரின் மணிகளைப்போல முகப்பு உருண்டு ஒழுங்காகச் செதுக்கப்பட்ட சிறு கற்கள் வரிசை வரிசையாக இருந்தன. அவை சில்லாவின் கைவேலை. அவற்றின் மேல் பதினேழாம் நூற்றாண்டின் கற்கள். அவற்றுக்கும் மேல் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய சதுரக் கற்களும் செங்கற்களும். ஒவ்வொரு தலைமுறையும் தன் அச்சத்தைக் கல்லில் எழுதி, முந்தைய தலைமுறையின் அச்சத்தின் மேல் அடுக்கிவைத்திருக்கிறது.

மலைக்கோட்டையின் போர்முறை

கொரியா மலைகளின் நாடு. சமவெளியில் பெருங்குதிரைப் படையை எதிர்கொள்வது அதற்கு எளிதாக இருந்ததில்லை. ஆகவே அங்கே ஒரு தனிப் போர்முறை வளர்ந்தது. பகைவன் வருகிறான் என்றதும் ஊர்மக்கள் தானியத்தையும் கால்நடைகளையும் எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குள் ஏறிவிடுவர். கீழே வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். பகைவனுக்கு உண்ண ஒன்றும் கிடைக்காது; கோட்டையைத் தாக்கினால் மேட்டை நோக்கிப் போரிட வேண்டும்; விட்டுவிட்டு முன்னேறினாலோ முதுகுப்புறம் பாதுகாப்பின்றிப் போகும். 1232ஆம் ஆண்டில் மங்கோலியப் படையை எதிர்த்து குவாங்ஜூ மக்கள் நின்று வென்றது இம்மலையில்தான் என்று கருதப்படுகிறது. (இந்தக் குவாங்ஜூ தலைநகரை அடுத்த பகுதி, தெற்கே அதே பெயருடைய பெருநகரம் வேறு.)

ஜோசொன் அரச மரபின் இன்ஜோ மன்னர் அரியணை ஏறிய மறு ஆண்டே, 1624இல், உள்நாட்டுக் கலகம் ஒன்று தலைநகரையே கைப்பற்றியது. வடக்கே மஞ்சு மக்களின் வல்லமை நாளுக்கு நாள் பெருகியது. எனவே அவ்வாண்டிலேயே பழைய சில்லா கோட்டையைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கி, 1626இல் முடிந்தது. யி சொ என்னும் தளபதி அதை மேற்பார்வையிட்டார். கல் சுமந்தவர்களுள் பெரும்பகுதியினர் பௌத்தத் துறவிகள். பியோகாம் காக்சொங் என்னும் துறவியின் தலைமையில் நாட்டின் எட்டு மாகாணங்களிலிருந்தும் அவர்கள் திரட்டப்பட்டனர். அவர்கள் தங்குவதற்கென்று மதிலோரம் ஆலயங்கள் எழுந்தன. அங்கே வழிபாட்டோடு ஆயுதங்களும் காவலுக்கு வைக்கப்பட்டன. கன்பூசிய அரசு அவர்களை உயர்வாக மதித்ததில்லை. ஆபத்துக் காலத்தில் மட்டும் அவர்களுடைய தோள்கள் நாட்டுக்கு வேண்டியிருந்தன.

அதே ஆண்டில் குவாங்ஜூ மாவட்டத்தின் ஆட்சி அலுவலகமும் கோட்டைக்குள் குடிபெயர்ந்தது. அலுவலகம் வந்ததால் மக்கள் வந்தனர், கடைவீதி வந்தது, சிறையும் வந்தது. அந்தச் சிறையை நாம் மறவாது நினைவில் வைத்துக்கொள்வோம்.

நாற்பத்தேழு நாள்

1636இல் மஞ்சு தலைவர் ஹோங் தைஜி தம்மைப் பேரரசர் என அறிவித்து, தம் அரசுக்குச் சிங் என்று பெயரிட்டார். ஜோசொன் அரசவையோ மிங் பேரரசுக்குச் செய்த பற்றுறுதியைக் கைவிட மறுத்தது. கடுங்குளிர் காலத்தில், யாலு ஆறு உறைந்து கிடந்தபோது, சிங் படை அதைக் கடந்தது. எல்லையோரத்தில் தளபதி இம் கியோங்ஒப் ஒரு மலைக்கோட்டையில் ஆயத்தமாகக் காத்திருந்தார். ஆனால் பகைவர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோட்டைகளை ஒதுக்கிவிட்டு, நெடுஞ்சாலை வழியே குதிரைகளை விரட்டிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் தலைநகரின் வாயிலை எட்டிவிட்டனர். பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட போர்முறை ஒரே வாரத்தில் பொய்த்துப்போனது.

மன்னர் காங்ஹ்வா தீவுக்குச் செல்ல எண்ணினார். வழி அடைபட்டுவிட்டது. 1637 ஜனவரி 9ஆம் நாள் அவர் நாம்ஹான்சான்சொங்கில் அடைக்கலம் புகுந்தார். உள்ளே இருந்த வீரர்கள் ஏறத்தாழ 13,000 பேர். தானியமோ சுமார் ஐம்பது நாளைக்கு மட்டுமே. அரச குடும்பத்துப் பெண்களும் இளவரசர் சிலரும் ஏற்கெனவே காங்ஹ்வாவுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். மதிலின் மேல் நின்ற வீரர்கள் குளிரில் விறைத்தனர். குதிரைகளுக்குத் தீவனம் இல்லை. உதவிக்கு வந்த படைகள் வழியிலேயே முறியடிக்கப்பட்டன. கோட்டைக்கு எதிரே இருந்த குன்றின்மீது சிங் படையினர் பீரங்கிகளை ஏற்றி, அரசர் இருந்த மாளிகையை நோக்கியே சுட்டனர்.

வெளியே பீரங்கி முழங்க, உள்ளே வேறொரு போர் நடந்தது. அமைச்சர் கிம் சாங்ஹொன், மானத்தோடு சாவதே நன்று என்றார். அமைச்சர் சோய் மியோங்கில், உயிரோடிருந்தால்தான் நாடு பிழைக்கும் என்றார். சோய் எழுதிய சரணடைவு மடலைக் கிம் கிழித்தெறிந்தார் என்றும், சோய் அத்துண்டுகளைக் குனிந்து பொறுக்கி எடுத்து ஒட்டினார் என்றும், கிழிக்கிறவரும் நாட்டுக்கு வேண்டும், ஒட்டுகிறவரும் வேண்டும் என்ற கருத்தில் பேசினார் என்றும் கொரியர் இன்றளவும் சொல்கின்றனர். பின்னாளில் இவ்விருவரும் சிங் நாட்டின் ஷென்யாங் நகரில் ஒரே காலத்தில் சிறையிருந்தனர். அங்கேதான் ஒருவர் உள்ளத்தை மற்றவர் புரிந்துகொண்டனர். எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே நாட்டை நேசித்தவர்கள் என்பதைக் காண்பதற்கு ஒரு சிறை வேண்டியிருந்தது.

பிப்ரவரி 16இல் காங்ஹ்வா வீழ்ந்தது. அரச குடும்பம் பகைவர் கைக்குப் போய்விட்டது. இனிக் காப்பதற்கு என்ன இருக்கிறது? பிப்ரவரி 24ஆம் நாள், நாற்பத்தேழாம் நாளில், இன்ஜோ மன்னர் அரச உடையைக் களைந்து, நீல நிற எளிய ஆடை உடுத்தி, மேற்கு வாசல் வழியாக வெளியேறினார். குற்றவாளி தலைவாசல் வழியே வரக்கூடாது என்பதால் தெற்கு வாசல் அவருக்கு மறுக்கப்பட்டதாகச் சொல்வர். ஹான் ஆற்றங்கரையில் சம்ஜொன்தோ என்னும் துறையில், ஹோங் தைஜியின் முன்னே மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை நிலத்தில் பட வணங்கினார். அந்நிகழ்ச்சியைப் போற்றி 1639இல் நாட்டப்பட்ட கல், மஞ்சு, மங்கோலிய, சீன மொழிகளில் பொறிக்கப்பட்ட எழுத்தோடு இன்றும் சியோலில் நிற்கிறது.

கோட்டையை எவரும் தாக்கிப் பிடிக்கவில்லை. ஆயினும் அது தோற்றது. மதிலுக்கு வெளியே கைவிடப்பட்ட மக்கள் பல்லாயிரக்கணக்கில் அடிமைகளாக வடக்கே ஓட்டிச்செல்லப்பட்டனர். அவர்களுள் தப்பியும் மீட்கப்பட்டும் திரும்பிய பெண்களைக் கற்பிழந்தவர்கள் என்று அவர்களுடைய சொந்தக் குடும்பங்களே ஒதுக்கின. மானத்தைப் பற்றி உரக்கப் பேசிய நாடு, தான் காக்கத் தவறிய பெண்களிடமே அந்த மானத்தைக் கேட்டது. இந்தக் கொடுமையை நினைக்கையில், மன்னரின் ஒன்பது வணக்கங்கள்கூட நமக்குச் சிறியதாகவே தோன்றுகின்றன.

மதிலைக் கடந்து வந்தது

பிணையாளாக ஷென்யாங்குக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களுள் பட்டத்து இளவரசர் சோஹியோன் ஒருவர். எட்டாண்டுச் சிறைவாழ்வின் இறுதியில், 1644இல், அவர் பெய்ஜிங் நகரில் தங்கினார். அங்கே இயேசு சபைக் குரு ஆதாம் ஷாலைச் சந்தித்தார். வானியலில் வல்லவராகிய அக்குரு அவருக்கு அறிவியல் நூல்களையும் மறை நூல்களையும் மீட்பரின் திருவுருவத்தையும் அளித்தார். 1645இல் நாடு திரும்பிய இளவரசர் இரண்டே மாதத்தில் இறந்துவிட்டார். விதை விழுந்தது, முளைக்கவில்லை. எனினும் கோட்டையின் தோல்வியே ஒரு கொரிய இளவரசரைத் திருமறையின் வாயில்வரை அழைத்துச் சென்றது என்பதை எண்ணும்போது, இறைவனின் வழிகளை நாம் வியக்காமல் இருக்க முடிவதில்லை.

அரசு, தோல்வியிலிருந்து கற்ற பாடம் வேறு. பீரங்கி வைக்கப்பட்ட குன்றையும் உள்ளடக்கி 1686இல் ஒரு வெளிக்கோட்டையும், 1693இல் மற்றொன்றும் எழுப்பப்பட்டன. 1779இல், ஜொங்ஜோ மன்னரின் காலத்தில், மதில் முழுவதும் செப்பமிடப்பட்டது. அதே ஆண்டின் குளிர்காலத்தில், அதே குவாங்ஜூ பகுதியின் மலைகளுக்கிடையே, இளம் அறிஞர்கள் சிலர் ஒரு பௌத்த மடத்தில் கூடி, பெய்ஜிங்கிலிருந்து வந்த மறை நூல்களை ஓதி ஆய்ந்தனர் என்று கொரியத் திருச்சபையின் மரபு சொல்கிறது. சீனப் பேரரசருக்குக் கப்பம் செலுத்தச் சென்ற தூதர்களின் மூட்டைகளில் வந்த நூல்கள் அவை. 1784இல், தூதுக்குழுவோடு சென்ற யி சூங்ஹூன் பெய்ஜிங்கில் பேதுரு என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பித் தம் நண்பர்களுக்கும் திருமுழுக்கு அளித்தார். குருக்கள் எவரும் காலடி வைக்காத நாட்டில், பொதுநிலையினரே தோற்றுவித்த திருச்சபை அது. முதல் குரு வந்தது பத்தாண்டுக்குப் பின்னரே.

மதிலை உயர்த்திக்கொண்டிருந்தவர்கள் படையை எதிர்பார்த்தனர். வந்ததோ புத்தகம்.

பிண வாசல்

முன்னோருக்குச் செய்யும் பலிச் சடங்கைக் கிறிஸ்தவர் மறுத்தது அரசுக்கு ஒழுக்கக் கேடாகவும் இராசத் துரோகமாகவும் பட்டது. 1801இல் ஒரு விசுவாசி, வெளிநாட்டுக் கப்பற்படையின் துணையை வேண்டி எழுதிய மடல் பிடிபட்டதும் அச்சம் இரட்டித்தது. நாற்பத்தேழு நாள் முற்றுகையை மறக்காத நாட்டில் அந்த அச்சம் எழுந்ததை நாம் புரிந்துகொள்ளலாம். அதன் பெயரால் நடந்த கொலைகளை ஏற்க முடியாது. குவாங்ஜூவின் ஆட்சி அலுவலகம் கோட்டைக்குள் இருந்ததால், அம்மாவட்டத்தில் பிடிபட்ட கிறிஸ்தவர்கள் மலையேற்றி இங்கேயே அடைக்கப்பட்டனர். அந்நியரைத் தடுக்கக் கட்டிய மதில், சொந்த மக்களை அடைக்கும் சுவராயிற்று.

அவர்களுள் ஒருவர் ஹான் தொகுன் தோமா. மறைசாட்சியாக 1791இல் உயிர்நீத்த யூன் ஜிசூங் பவுலிடம் மறைக்கல்வி கற்றவர். 1801இல் கலாபனை மூண்டபோது, மட்பாண்ட வணிகரைப்போல வேடமிட்டுத் தலைநகருக்குச் சென்றார். அங்கே பாய்விரித்து மூடப்பட்டிருந்த பிணம் ஒன்றைக் கண்டு, திறந்து பார்த்தார். அது மறைசாட்சி ஹோங் நாக்மின் லூக்காவின் உடல். மற்றொரு மறைசாட்சியின் உடலையும் கண்டு இறுதிக் கடமை செய்தார். அந்த இரக்கமே அவரைக் காட்டிக்கொடுத்தது. பிடிபட்டு, கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1802 ஜனவரி 30இல் தலைவெட்டிக் கொல்லப்பட்டார். இறந்தோரை அடக்கம் செய்யச் சென்றதற்காக இறந்தவர் அவர்.

அவருக்குப் பின்னரும் கலாபனைகள் தொடர்ந்தன. புனித அந்தோணி கிம் சொங்ஊவின் தம்பியருள் ஒருவர் 1841இல் இங்கே சிறையிலேயே உயிர்விட்டார். 1866இல் மூண்ட பெருங்கலாபனையில் கைதிகள் மிகுந்துவிட்டதால், முகத்தில் நனைத்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி மூச்சடைக்கச் செய்யும் முறை கையாளப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இக்கோட்டையில் ஏறத்தாழ 300 பேர் உயிர் துறந்தனர் என்பது மரபு. பெயர் தெரிந்தவர்கள் ஒரு சிறு பகுதியினரே. கிழக்கு வாசலுக்கு அருகே வேறொரு வாசல் உண்டு. மதிலின் இரகசிய வாசல்களுள் ஒன்று அது. மறைசாட்சிகளின் உடல்கள் அதன் வழியாக இழுத்துவரப்பட்டு, வெளியே ஓடைப்புறத்தில் எறியப்பட்டன. மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘சிகுமுன்’, பிண வாசல்.

எது காவல்?

1907இல் ஜப்பானியர் கொரியப் படையைக் கலைத்தபோது, கோட்டைக்குள் இருந்த வெடிமருந்தையும் ஆயுதங்களையும் வெடிவைத்து அழித்தனர். துறவியரின் ஆலயங்கள் பெரும்பாலும் சிதைந்தன. அரசரின் மாளிகையும் மறைந்து, பின்னர் அகழாய்வின் துணைகொண்டு மீண்டும் எழுப்பப்பட்டு, 2012இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2014 ஜூன் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் சியோல் மாநகரில் 124 கொரிய மறைசாட்சிகளை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். ஹான் தொகுன் தோமா அவர்களுள் ஒருவர். உலகம் கல்லுக்கு மாலையிட்ட ஆண்டிலேயே, திருச்சபை அக்கல்லுக்குள் சிறையிருந்தவருக்கு மாலையிட்டது.

மேலை வாசல் வழியே போன மன்னரை நாம் இகழ்வதற்கில்லை. அவருடைய வணக்கம் எஞ்சிய மக்களின் உயிரைக் காத்தது. மடலை ஒட்டிய சோய் மியோங்கிலும் மடலைக் கிழித்த கிம் சாங்ஹொனும் தத்தம் மனச்சான்றுக்கே செவிமடுத்தனர். மனிதர் மனிதருக்கு விட்டுக்கொடுக்கக்கூடியவை பல உண்டு: அரசுரிமை, பெருமை, பழைய கூட்டணி. விட்டுக்கொடுக்கக்கூடாத ஒன்றும் உண்டு. அது எதுவென்று கண்டுகொள்வதே வாழ்வின் கடினமான பாடம். மன்னர் எதை இழக்கலாம் என்பதை நாற்பத்தேழு நாளில் கற்றார். மட்பாண்டக் கூடையைச் சுமந்து சென்ற தோமா, எதை இழக்கக்கூடாது என்பதைத் தெருவில் கிடந்த ஒரு பாயைத் திறந்தபோது அறிந்திருந்தார்.

நாமும் நம்மைச் சுற்றி மதில்கள் எழுப்பிக்கொள்கிறோம். சாதியென்றும் சொத்தென்றும் குடும்ப கௌரவம் என்றும் அவற்றுக்குப் பெயரிடுகிறோம். உள்ளே நாம் பத்திரமாக இருப்பதாக எண்ணுகிறோம். வெளியே கைவிடப்பட்டவர் யார் என்று கேட்க மறக்கிறோம். ஆண்டவர் காவாத நகரைக் காவலர் காப்பது வீண் என்னும் திருப்பாடலின் கருத்துக்கு, கொரிய மலைமீது பன்னிரண்டு கி.மீ. நீளத்துக்குக் கல்லில் எழுதிய விளக்கவுரை இருக்கிறது. அங்கே இன்று திருப்பயணிகள் ஏறிச்செல்கின்றனர். சுவோன் மறைமாவட்டத்தின் திருத்தலம் கோட்டைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அவர்கள் மதிலின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இறுதியில் பிண வாசலின் முன் வந்து நிற்கின்றனர்.  அதன் முன் யாராயினும் தலைகுனியத்தான் வேண்டும்.